திரைப்படத்தில் இருவகை நீதி

படக்காட்சி வெறும் பொழுதுபோக்கு. அதில் நியாயம் தேடுவது வீண் வேலை என்பார் பலர். எழுத்தறியாதாரும் கண்டு களிக்கும் ஒரு கலை, பெண் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று ஓயாது போதித்து வருமாயின், அதனை ஆராயாது விடுதல் அறிவுடைமையாகாது. தமிழ்ப் படங்களுள் பெரும் புகழ் பெற்றவை பலவற்றில் ஆணுக்கொரு நீதியும் பெண்ணுக்கொரு நீதியும் வழங்கப்படுகின்றன என்பதே நாம் கூற வந்தது.

1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தை முதலில் நோக்குவோம். சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. தியாகராஜ பாகவதர் ஏற்ற நாயகன் சிற்றின்பத்தில் மூழ்கிப் பெற்றோரைப் புறக்கணிக்கிறான். தாசியிடம் பொருளை இழக்கிறான். பின்னர் மனந்திருந்துகிறான்; பக்தனாகப் போற்றப்படுகிறான். ஆண் செய்த பிழைக்குக் கழுவாய் உண்டு என்பது இதன் கருத்து. நன்று, திருந்தினோரை ஏற்பதே பண்பு. ஆனால் அக்கருணை பெண்ணுக்கும் கிட்டுகின்றதா?

1972-இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் ஜெயலலிதா ஏற்ற கல்பனா செய்த குற்றந்தான் யாது? படித்தாள், நகர நாகரிகத்தில் வளர்ந்தாள், கணவனது கிராம வழக்கங்களுக்குப் பணிய மறுத்தாள். அதற்காகக் கணவன் அவளை அடிக்கிறான். அவ்வடி குடும்பத்தைத் திருத்தும் மருந்தாகக் காட்டப்படுகிறது!

1999-இல் வந்த 'படையப்பா'வில் இந்நீதி மேலும் கடுமையாகிறது. நீலாம்பரி இழைத்த தீங்குகளை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், நாயகன் சினந்தால் வீரம், அவள் சினந்தால் அகந்தை என்பது என்ன முறை? அடக்கமே உருவான பணிப்பெண்ணுக்கு மணமாலை. அவளுக்கோ தன் கையாலேயே சாவு. ஆயினும் ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அந்த நீலாம்பரியையே மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். கதை எழுதியோரினும் படம் பார்ப்போர் நெஞ்சு விரிந்தது போலும்!

நிற்க. காலத்துக்கு ஏற்பவே கதை அமையும் என்று சிலர் சமாதானம் கூறலாம். அக்கூற்று பொருந்தாது. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939-இலேயே வெளிவந்தது. விடுதலைக் கிளர்ச்சியை ஆதரித்தமையால் ஆங்கில அரசு அதனைத் தடுத்தது. அதில் கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பிற்காலத்தில் செல்வம் பெறுகிறாள். உடனே அவன் உரிமை கோரி நீதிமன்றம் ஏறுகிறான். அவளோ, அவனுக்கு ஜீவனாம்சம் தரவும் சித்தமாயிருக்கிறாள். அவனோடு வாழ மட்டும் இசையவில்லை. 'படையப்பா'வுக்கு அறுபது ஆண்டுகள் முற்பட்ட படம் இது! ஆகவே, குறை காலத்தினுடையதன்று, துணிவற்ற உள்ளத்தினுடையது.

மலாயாவில் வாழ்ந்த நம் பாட்டிமார் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னரே எழுந்து, ஆணோடு நிகராகப் பால்மரம் வெட்டிக் குடும்பங்களைத் தாங்கினர். அவர்தம் பேத்தியர் இன்று பட்டம் பெற்று அலுவலகம் செல்கின்றனர். அந்தப் பேத்தியருக்கு, கல்வி திமிரைத் தரும், அதை அடக்குவது கணவன் கடமை என்று திரை கற்பிக்குமாயின், நாம் அரும்பாடுபட்டு அளித்த கல்விக்கு என்ன பயன்?

தோழர்களே! படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாயகன் ஒரு பெண்ணின் வாயை அடக்கும் வேளையில் கைதட்டுமுன், பக்கத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் மகளின் முகத்தைச் சற்று நோக்குங்கள். அப்பொழுதும் கைதட்ட மனம் வருமாயின் தட்டுங்கள்.