நிறுத்தப்பட்ட சம்மட்டி: கஸ்ஸாலியின் 'இஹ்யா'வில் இறைநினைவும் தொழிலும்

இறைவழிபாட்டையும் உலகத் தொழிலையும் ஒரு முஸ்லிம் எவ்வாறு இணைத்துக்கொள்வது என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை 'சமநிலை' என்பது. ஒரு தட்டில் தொழுகையும் திக்ரும், மறுதட்டில் கடையும் கூலியும். இரண்டும் ஒத்து நிற்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. எளிய உருவகம்தான், ஆயின் நாளின் நேரத்தைப் பங்கிடும் கணக்காக அது விரைவில் சுருங்கிவிடுகிறது. அபூஹாமித் அல்கஸ்ஸாலி (1058–1111) இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொருளீட்டல் பற்றிய பகுதி இவ்வுருவகத்துக்குள் அடங்குவதில்லை. அது எவ்வாறு இதனைக் கடக்கிறது, தான் எழுப்பிய சிந்தனையை எவ்விடத்தில் பாதியில் விடுகிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

'இஹ்யா' நான்கு பகுதிகளும் நாற்பது நூல்களும் கொண்டது. திக்ரும் துஆவும் முதற்பகுதியாகிய வழிபாட்டியலில் ஒன்பதாம் நூலாக அமைகின்றன. பொருளீட்டலோ இரண்டாம் பகுதியாகிய வாழ்க்கை வழக்கங்களில், உண்ணல், மணம் ஆகியவற்றை அடுத்து, பதின்மூன்றாம் நூலாக வருகிறது. அமைப்பை மட்டும் நோக்கினால் இரண்டும் வெவ்வேறு துறைகள் எனத் தோன்றும். பதின்மூன்றாம் நூலின் இறுதி அதிகாரத்தில்தான் அவை சந்திக்கின்றன. ஈட்டலின் சிறப்பு, ஒப்பந்த விதிகள், நீதி, நீதிக்கு மேற்பட்ட நன்மை ஆகியவற்றைப் பேசிய பின், வணிகன் தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்ளும் முறைகளை கஸ்ஸாலி ஏழாக விரிக்கிறார்.

இவ்வதிகாரத்தின் அடித்தளம் திருக்குர்ஆனின் இரு இடங்கள். ஜுமுஆ தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டு வருமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும் 62:9–10 பணிக்கிறது. இறைவனை மிகுதியாக நினைவுகூருங்கள் என்னும் கட்டளை, கலைந்து செல்லுங்கள் என்பதற்குப் பின்னரே வருகிறது என்பது கருதத்தக்கது. அதாவது, அந்த நினைவின் களம் பள்ளிவாசல் மட்டுமன்று, சந்தையுமாகும். மற்றோர் இடம் 24:37. வணிகமும் விற்பனையும் இறைநினைவிலிருந்து திருப்பாத மனிதர்களை அது குறிக்கிறது. அவர்கள் வணிகமே செய்யாதவர்களா, வணிகம் செய்தும் திரும்பாதவர்களா? சொல்லளவில் இரண்டுக்கும் இடமுண்டு. கஸ்ஸாலி தம் விடையை வாதமாகச் சொல்லாமல் காட்சியாகத் தருகிறார். அவர் எடுத்துக்காட்டும் விளக்கத்தின்படி அவர்கள் கொல்லரும் செம்மாரும். பாங்கொலி கேட்ட கணத்தில் ஓங்கிய சம்மட்டியை இறக்காமலும், தோலில் ஏற்றிய குத்தூசியை வெளியே இழுக்காமலும் தொழுகைக்கு எழுந்தவர்கள்.

பட்டறையையும் தோலையும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இவ்விளக்கம் நிறுத்தத்தை மட்டுமே படம்பிடிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சம்மட்டி இறங்கும்போது இறைநினைவு எங்கிருந்தது? அதற்கான விடையை நீதி பற்றிய அதிகாரத்தின் வணிகர் நிகழ்ச்சிகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. நபித்தோழர் ஜரீர் தாம் விற்கும் பொருளின் குறையைத் தாமே வாங்குபவருக்குக் காட்டி, ஏற்பதையும் விடுவதையும் அவரிடமே விட்டவர். இப்படிச் செய்தால் வியாபாரம் நடக்காது என்று எச்சரிக்கப்பட்டபோது, எல்லா முஸ்லிம்களுக்கும் நலம்நாடுவதாக நபியிடம் தாம் அளித்த உறுதியை நினைவூட்டினார். வாங்கும்போது அரை மணியெடை குறைத்தும், கொடுக்கும்போது ஒரு மணியெடை கூட்டியும் நிறுத்தவர்களைப் பற்றியும் நூல் பேசுகிறது. இங்கே நினைவு நாவில் இல்லை. தராசைப் பிடித்த விரலில் இருக்கிறது.

பஸ்ராவின் பட்டு வணிகர் யூனுஸ் இப்னு உபைத் பற்றிய நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. பணியாள் ஒருவன் வாங்க வந்தவர்முன் பட்டை விரித்துவைத்து, அதன் அழகைக் கண்டு, இறைவா எங்களுக்குச் சுவர்க்கத்தைத் தருவாயாக என்று வேண்டினான். யூனுஸ் பட்டை மடித்து உள்ளே வைக்கச் சொல்லி, அதனை விற்காமலே விட்டார். அவ்வேண்டுதல் சரக்கைப் புகழ்ந்த சொல்லாகிவிடுமோ என்பது அவர் அச்சம். வணிகம் இறைநினைவைக் கெடுக்கும் என்பது பழகிய எச்சரிக்கை. இறைநினைவே வணிகத்தின் நேர்மையைக் கெடுக்கவும் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இரு தட்டு உருவகம் இங்கு முற்றிலும் உடைகிறது. திக்ர் கூடக்கூட நன்மை என்றால் பணியாளின் வேண்டுதலும் நன்மையே. விற்பனையின்போது வந்ததால் அது சரக்கின் விளம்பரமாகிவிட்டது. கடைப் பெயரிலும் பொட்டலத்திலும் புனிதச் சொல் அச்சாகும் காலத்தில் இது பழங்கதையாகத் தோன்றுவதற்கில்லை.

எல்லா நிகழ்ச்சிகளும் இத்தரத்தன அல்ல. பாலில் நீர் கலந்து விற்றவனின் பசுவை வெள்ளம் அடித்துச் செல்ல, கலந்த நீரெல்லாம் ஒன்றுதிரண்டு வந்ததென மகன் கூறும் கதை சுவையானதே. ஆனால் நேர்மையை நட்டத்துக்கு அஞ்சும் அச்சமாக அது தாழ்த்திவிடுகிறது. யூனுஸின் செயலில் அத்தகைய கணக்கு இல்லை.

நூலின் மெலிவு வேறிடத்தில் உள்ளது. பொருளீட்டாதிருப்பதே நால்வருக்கு மேலானது என்கிறார் கஸ்ஸாலி: உடலால் வழிபாட்டில் ஈடுபட்டோர், அகவழியில் செல்வோர், கல்வி புகட்டும் அறிஞர், ஆட்சியாளர் நீதிபதி போன்று பொதுநலம் பேணுவோர். கலீஃபாவான அபூபக்கர் வணிகத்தை விட்டுப் பொதுநிதியிலிருந்து ஊதியம் பெற்றதைச் சான்றாகக் காட்டுகிறார். இதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஹனஃபி அறிஞர் முஹம்மத் அஷ்ஷைபானி (இறப்பு 805) 'கிதாபுல் கஸ்ப்' நூலில், கல்வி தேடுவதைப் போலவே பொருளீட்டலும் கடமை என்று நிறுவியிருந்தார். ஸரக்ஸீயின் விளக்கத்தோடு நமக்குக் கிடைக்கும் அந்நூல், ஈட்டலை இழித்த துறவினர்க்கு எதிராக நபிமார்களின் தொழில்களையே அடுக்குகிறது. அவ்வழக்கை கஸ்ஸாலி தம் முதல் அதிகாரத்தில் ஏற்றுக்கொண்டு, பின்னர் விதிவிலக்குகளால் தளர்த்துகிறார். 1095இல் பக்தாத் நிஸாமியாவின் ஆசிரியப் பதவியைத் துறந்தபோது, ஈராக்கின் பொருள் முஸ்லிம்களின் நலனுக்கு வக்ஃபு செய்யப்பட்டதென்பதால் அதிலிருந்து தம் குடும்பத் தேவைக்கு வைத்துக்கொண்டதாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். விதிவிலக்கை வகுத்தவர் விதிவிலக்கினுள்ளேயே வாழ்ந்தவர். நால்வரின் உணவு பிறருடைய சம்மட்டியிலிருந்து வருகிறது என்பதை நூல் அறியும். அந்தப் பிறருக்கு இறைநினைவில் என்ன பங்கு என்பதை விரிவாகக் கேட்கவில்லை.

கூலியாள் நிலையும் இத்தகையதே. ஒப்பந்த அதிகாரத்தில் வாடகை, கூலி பற்றிய விதிகளில் அவன் வருகிறான். ஏழு முறைகள் விரிக்கப்படும் இடத்தில் விளிக்கப்படுபவனோ வணிகன். முதலில் சந்தையில் நுழைந்து கடைசியில் வெளியேறுபவனாக இருக்கவேண்டாம் என்னும் அறிவுரை கடைக்குச் சொந்தக்காரனுக்கே பொருந்தும். சம்மட்டி தனதாக உள்ளவன் அதனை நிறுத்தலாம். நாட்கூலிக்கு நிற்பவனுக்கு நிறுத்தும் உரிமை பிறன் கையில்.

தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தை வாசிப்போர்க்கு இவ்வினா அயலானதன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இல்லறமும் ஈட்டலும் நீத்து அகவழி சென்றவர். கஸ்ஸாலியின் வகைப்பாட்டில் இரண்டாமவர். அவர் கல்வி பெற்ற கீழக்கரையோ கடல் வாணிகத்தால் வளர்ந்த பட்டினம். 'சீறாப்புராணம்' பாட உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியும் அவ்வூர் வணிகரே. துறவியின் பாடலை மெய்ஞ்ஞான இலக்கியமென்றும் வணிகரின் கொடையைப் புரவலர் வரலாறென்றும் தனித்தனி இயல்களில் வைக்கும்போது, ஒரே துறைமுகத்தில் தஸ்பீஹ் உருட்டிய விரல்களும் தராசு பிடித்த விரல்களும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின என்பது பார்வைக்கு வராமலே போய்விடுகிறது.