டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

குன்றத்தூர் பஜாரிலிருந்து முருகன் கோயில் மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு காபிக்கடை. அதைப் பற்றிக் கேட்டால் ஊரின் பழைய ஆட்கள், "முன்ன மாதிரி இல்ல" என்பார்கள். வாஸ்தவம்தான். எது எது முன்ன மாதிரி இல்லை என்று நிதானமாகப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

டம்ளரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் முளைத்த காலத்தில் இங்கும் எவர்சில்வர் போய்ப் பித்தளை டபரா வந்தது. பார்க்க லட்சணம். ஆனால் பித்தளை சூட்டைச் சட்டென்று கடத்தும். விரல் பொத்துப்போகும், காபியும் சீக்கிரம் ஆறிவிடும். போதாததற்குப் புளி போட்டுத் தேய்க்காத அன்று கறுத்து நிற்கும். சத்தமில்லாமல் எவர்சில்வர் திரும்பிவிட்டது. பார்சலுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரித் தடையோடு ஒழிந்தது. சாம்பாருக்குக்கூட ஆகாத அந்தக் கவரில் காபியைக் கட்டிக் கொடுத்தோமே என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பால்தான் பெரிய மாற்றம். முன்பு பக்கத்துக் கிராமங்களிலிருந்து கேனில் கறந்த பால் வரும். வெளிவட்டச் சாலை வந்து, மேய்ச்சல் நிலமெல்லாம் மனையான பிறகு பாக்கெட்தான். ஆவின் பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6. கடைக்காரர் ஆரஞ்சுக்கு மாறினார். நுரை நன்றாக நிற்கிறது. நாக்கில் ஒரு படலமும் நிற்கிறது, டிகாக்‌ஷனின் கசப்பு அதற்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. என் கட்சி பச்சை. கறந்த பாலிலோ மழைக்காலத்துக்கு ஒரு ருசி, கோடைக்கு ஒரு ருசி. அந்த ஏற்ற இறக்கம் போனதில்தான் எனக்குக் குறை.

மாறாதது டிகாக்‌ஷன். தூளை ஃபில்டரில் போட்டு மேல்தட்டால் லேசாக அமுக்குவார். இறுக்கினால் சொட்டு இறங்காது, தளர விட்டால் தண்ணீராக ஓடிவிடும். கொதி அடங்கிய வெந்நீரை நடுவில் கொட்டாமல் ஓரமாகச் சுற்றி விடுவார். அவசரக்காரர் யாராவது குரல் கொடுத்தால், "இப்பதான் இறங்குது சார், அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்பார். இரண்டாம் டிகாக்‌ஷனைக் கலந்து உடனே ஒப்பேற்றிவிட முடியும். அதைச் செய்வதில்லை. ஒரு வாடிக்கையாளர் எழுந்து போனாலும் போகட்டும் என்கிற அந்தத் திமிர்தான் கடையின் மூலதனம்.

சிக்கரி விஷயத்திலும் அப்படித்தான். கலப்புத்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மீதி 49-ஐ நிரப்ப மனசு துடிக்கும். சிக்கரி விலை மலிவு, நிறமும் கனமும் சும்மா கிடைக்கும். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா ராத்தல் 4 டாலரைத் தாண்டியபோது பல கடைகளில் காபி திடீரென்று கறுத்துத் தித்தித்தது. இந்தக் கடையில் கறுக்கவில்லை, டம்ளர்தான் ஒரு சுற்றுச் சிறுத்தது. குறைத்ததைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குறைத்தார் பாருங்கள், அந்த நேர்மையை நான் ரசித்தேன்.

இப்போது கல்லாவில் மகன். ஏற்காட்டுக் கொட்டை, வறுத்த தேதியை மார்க்கரில் எழுதிய பாக்கெட், காகித வடிகட்டியில் பாலில்லாக் காபி என்று ஓரமாக ஒரு மேஜை போட்டிருக்கிறார். "இதெல்லாம் யார் குடிப்பா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு காலத்தில் காபி வந்து பழைய சோற்றைத் துரத்திவிட்டது என்று புலம்பிய தமிழர்களைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் புலம்பலின் பேரப்பிள்ளைதான் இது. நான் குடித்துப் பார்த்தேன். முதல் வாயில் வெறும் கஷாயம். கொஞ்சம் ஆறவிட்டால் நாரத்தைத் தோல் வாசனை மெல்ல எழுகிறது. பாலில் இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

போகிறவர்கள் சாதாரண நாளில், விடியற்காலையில் போங்கள். கிருத்திகையன்று வேண்டாம். மலைக்கு வரும் கூட்டத்துக்குப் பயந்து அன்றைக்கு மட்டும் டிகாக்‌ஷனை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறார்கள்.