வேய்த்தோளும் திண்டோளும்

தமிழ்க் கவிதை மரபில் பெண்ணின் தோளுக்கு மூங்கில் உவமை. ஆணின் தோளுக்குக் குன்று உவமை. இரண்டும் மலைநிலத்துப் பொருள்களே. எனினும், மூங்கிலிடத்துப் புலவர் பெரிதும் கண்டது அதன் திரட்சியையும் வழவழப்பையும் பசுமையையுந்தான். சூறைக்காற்றில் தரைதொட வளைந்தும் முறியாமல் மீளும் அதன் வன்மையை அவர்கள் உவமைக்குள் கொண்டுவந்தது அரிது. பாதாதிகேசமாகவும் கேசாதிபாதமாகவும் உறுப்பொன்றும் விடாது பெண்ணுடலைப் பாடிய புலமை, அவ்வுடல் எதைத் தூக்கும், எவ்வளவு தாங்கும் என்று கேட்க முற்படவில்லை. நெல் குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு விலக்காகுமே எனலாம். ஆனால் அங்கும் உலக்கையின் கனத்தைவிடப் பாட்டுடைத் தலைவனின் புகழே ஓங்கி நிற்கும்.

வலிமை மிக்க பெண் கதைக்குள் வந்தாலோ, அவளுக்கு ஒரு தவணை விதிக்கப்படுகிறது. திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டி திசையெல்லாம் வென்று கயிலைவரை படை நடத்துகிறாள். இறைவனைக் கண்ட கணத்தில் மூன்றாவது தனம் மறைய, நாணம் வந்து அவளைத் தலைகவிழச் செய்கிறது. மணப்பந்தல்வரைதான் வீரம் என்ற இந்தக் கதையமைப்பு பக்தி நூலோடு நின்றுவிடவில்லை என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நலம். ஈப்போவில் பிறந்த ஒரு நடிகையின் வாழ்விலும் படங்களிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது.

அவரிடம் செல்லுமுன், இதே சிக்கல் வெளிப்படையாக மேடையேறிய ஓர் இடத்தைக் காண்போம். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெண்களுக்கான முதலாவது ஒலிம்பியா உடற்கட்டழகுப் பட்டத்தை ரேச்சல் மெக்லிஷ் வென்றார். 1985இல் வெளிவந்த 'பம்பிங் அயன் 2' என்னும் ஆவணப்படம், லாஸ் வேகாஸில் 1983இல் நடந்த ஒரு போட்டியைப் பதிவு செய்துள்ளது. அதில் மெக்லிஷும் உண்டு. பளுதூக்கும் வீராங்கனையாக இருந்து வந்த ஆஸ்திரேலியர் பெவ் பிரான்சிஸும் உண்டு. பிரான்சிஸின் தசைகள் மற்ற எவருடையவற்றையும் மிஞ்சி நின்றன. நடுவர்களோ, பெண்ணுக்கு எவ்வளவு தசை தகும் என்று தமக்குள் வாதாடினார்கள். முடிவில் கார்லா டன்லப் முதலிடம் பெற, பிரான்சிஸுக்கு எட்டாம் இடம் கிடைத்தது. தசைக்கென்றே நடத்திய போட்டியில் தசை மிகுந்தது குற்றமாயிற்று! வேய்த்தோளின் இலக்கணம் கடல் கடந்தும் செல்லுபடியாகிறது.

அம்மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்களின் கதையை விரிக்க வேண்டியதில்லை. மெக்லிஷ் 1992இல் 'ஏசஸ்: அயன் ஈகிள் 3' படத்தில் நடித்தார். 1984 முதல் 1989 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து ஒலிம்பியா பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்த கோரி எவர்சன், 1991இல் 'டபுள் இம்பேக்ட்' படத்தில் வில்லன் தரப்பு அடியாளாக வந்தார். உடல் இருந்தது, அவ்வுடலுக்கேற்ற பாத்திரத்தை எழுதத்தான் ஆள் இல்லை. தமிழ்த் திரை இதில் ஒருவகையில் முந்திக்கொண்டது. 1937இலேயே 'மின்னல்கொடி'யில் கே. டி. ருக்மிணி சண்டைக் காட்சிகளில் நடித்துப் பெயர் பெற்றார். ஆனால் அந்த மரபு தொடரவில்லை. குத்துச்சண்டைக் களத்தில் உண்மையாகவே பயின்ற ரித்திகா சிங் 2016இல் 'இறுதிச்சுற்று' படத்தில் தோன்றியபோது, தமிழ் இரசிகருக்கு அது முற்றிலும் புதியதாகப்பட்டது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் நம் கதாநாயகியர் பெரும்பாலும் ஓடினார்கள், கட்டப்பட்டார்கள், காப்பாற்றப்பட்டார்கள்.

இனி ஈப்போவுக்கு வருவோம். மிஷெல் இயோ 1962 ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ, ஈயத்தால் செழித்த அந்நகரில் வசதி மிக்க சீனக் குடும்பத்துப் பெண் அவர். தோட்டத்துத் துன்பங்கள் அவர் அறிந்தவை அல்ல. நான்கு வயதில் பாலே நடனம் தொடங்கியது. பள்ளிப் பருவத்தில் நீச்சல், முக்குளிப்பு, ஸ்குவாஷ் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். பதினைந்து வயதில் இங்கிலாந்து சென்று நடனமே வாழ்வென்று பயின்றவருக்கு முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அக்கதவை அடைத்தது. 1983இல் மலேசிய அழகிப் பட்டம் வந்தது. அதாவது, நாடு அவருக்கு முதலில் சூட்டிய மகுடமும் வனப்புக்கானதே.

ஹாங்காங் திரையுலகம் 1984இல் அவரை அழைத்து, முதற்படத்தில் சாதுவான ஒரு வேடத்தைக் கொடுத்தது. சண்டைக் கலைஞர்கள் பணிபுரிவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருக்கு, அது நடனத்தின் இன்னொரு வடிவமாகப் பட்டது. தாமே கேட்டுப் பயிற்சிக்கூடம் சென்றார். 1985இல் வந்த 'யெஸ் மேடம்' அதன் விளைவு. அதில் ஒரு கைப்பிடிச் சுவரில் கால்களை மாட்டிப் பின்புறமாகத் தொங்கி, தலையால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு சென்று, அப்பாலிருக்கும் இருவரின் கால்களைப் பற்றி இழுத்துக் கவிழ்க்கும் காட்சி புகழ் பெற்றது. பாலே பயின்ற முதுகு அன்றி வேறெந்த முதுகும் அவ்வளவு ஒழுங்காக வளைந்திராது.

1988இல் திருமணம், நடிப்புக்கு விடை. 1992இல் மணமுறிவுக்குப் பின் மீண்டும் திரை. தடாதகையின் தவணை இங்கே வாழ்க்கையாகவே நிகழ்ந்து, பின்னர் திருத்தியும் எழுதப்பட்டது எனலாம். திரும்பி வந்த ஆண்டிலேயே 'போலீஸ் ஸ்டோரி 3' படத்திற்காக, ஓடும் இரயிலின் கூரைமேல் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தார். படமாக்கிய இடம் மலேசியாவே. அதே படத்தின் இறுதியில், எடுத்தபோது நேர்ந்த தவறுகளையும் காட்டுவார்கள். ஓடும் வண்டியிலிருந்து ஜாக்கி சானின் காரின் முகப்பில் விழுந்த மிஷெல் அதிலும் நிலைகொள்ளாமல் சாலையில் சரிவதை அங்கே காணலாம். பாய்ச்சலைக் கைதட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சரிவைச் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். ஆனால் அவருடைய கலையின் திறவுகோல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

அடிக்கும் கை எவருக்கும் வாய்த்துவிடும். படத்தொகுப்பும் கம்பிகளும் துணைக்கு உண்டு. விழும் உடலுக்கு எடை உண்டு. மிஷெல் இயோவின் நல்ல காட்சிகள் யாவும் எடையைக் காட்டுபவை. 1994இல் வந்த 'விங் சுன்' இதற்கு எதிர்ச்சான்று. அதில் அவருடைய உடல் இறகு போல் பறக்கிறது. ஆணுடை தரித்து ஊரைக் காக்கும் நாயகி, கடைசியில் மணக்கோலத்தில் நின்று கதையை முடித்து வைக்கிறாள். இரசிக்கத்தக்க படந்தான், ஆயினும் பழைய தவணை கட்டப்பட்டுவிட்டது. 1996இல் ஆன் ஹுய் இயக்கிய 'ஸ்டண்ட் வுமன்' அதற்கு நேர்மாறு. திரைக்குப் பின்னே பிறருக்காக அடிபடும் கூலிக்காரியே அதன் நாயகி. அதற்காக உயரத்திலிருந்து குதித்தபோது மிஷெல் கடுங்காயமுற்றார். கதையில் எழுதப்பட்ட தொழிலின் ஆபத்து நடிகையின் எலும்பிலேயே வந்து இறங்கிய நிகழ்ச்சி அது. பெண் இயக்குநர் ஒருவர் பெண்ணின் உழைப்பைப் பார்த்த அப்படத்தை, உலகம் இன்றும் போதிய அளவு பேசவில்லை.

உலகம் பேசியது 2000இல் வந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தை. தமக்குப் பழக்கமில்லாத மாண்டரின் மொழியில் வசனத்தை ஒலியாகவே மனனம் செய்து அவர் நடித்தார். படப்பிடிப்பில் முழங்காலும் காயமுற்றது. மூங்கில் உச்சியில் மிதக்கும் காட்சியைப் பலரும் மெச்சுவர். அதில் மிதப்பவர் இவரல்லர். இவருக்குக் கிடைத்தது முற்றத்துச் சண்டை. ஆயுதம் மாற்றி ஆயுதம் எடுத்துப் போரிடும் ஷு லியென், ஒரு கட்டத்தில் பாரமான உலோகத் தண்டொன்றைத் தூக்கப்போய், அதன் கனம் தாளாமல் அதனைத் தரையில் விடுகிறாள். மறைக்கத்தக்க ஒரு தோல்வியை மறைக்காமல் வைத்த அந்த நொடி, பறத்தல் முழுவதையும்விட மேலானது. பேசப்படாத காதலையும் அவர் அப்படியே சுமக்கிறார்: தோள் சற்று இறங்கியிருக்கும், முகத்தில் ஏதும் இராது.

இவ்விடத்தில் பேராக்கின் மறுபாதியை எண்ணிப் பார்க்காமல் இருக்க இயலாது. மிஷெல் இயோ பாலே பயின்ற அதே ஆண்டுகளில், சுங்கை சிப்புட்டிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்கள் இருள் விலகுமுன் பிரட்டுக்கு வந்து நின்றார்கள். பின்னர் நிரை பிடித்துச் சில நூறு மரங்களை உளியால் சீவி, மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாவில் கோத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்தார்கள். நிறைந்த வாளிகள் இரண்டும் ததும்பாமல் நடக்க, தோளும் இடுப்பும் கணுக்காலும் ஓர் இசைவில் இயங்கவேண்டும். பாலே ஆசிரியை கேட்பதும் அதுவே. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும், அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' போன்ற புதினங்களும் இப்பெண்களின் துயரை உள்ளமுருகச் சொல்லியிருக்கின்றன. கங்காணியின் கொடுமையும் குடிகாரக் கணவனும் ஆயாக் கொட்டகையில் அழும் குழந்தையும் நம் இலக்கியத்தில் நிறைய உண்டு. ஆனால் காண்டா ஏறிய தோளின் வலிமையை வலிமையாகவே எழுதிய பக்கங்களைத் தேடவேண்டியிருக்கிறது. பரிவு மிகுந்த இடத்தில் வியப்புக்கு இடமில்லாமற் போயிற்று. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. அத்தோள்களுக்குரியவர்கள் இன்று மூதாட்டியர். குறை அவர்களுடையதன்று, வேய்த்தோளுக்கு அப்பால் உவமை தேடாத எழுத்தினுடையது.

இந்தக் குறையோடு பார்க்கும்போதுதான் 2022இல் வந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தின் எவலின் வாங் நமக்கு நெருக்கமாகிறாள். அமெரிக்காவில் சலவைக்கடை நடத்தும் புலம்பெயர்ந்த சீனப் பெண். வரிக்கணக்கு, முதிய தந்தை, பிடிகொடுக்காத மகள், ஓயாத துணிமூட்டை. இப்பாத்திரம் முதலில் ஜாக்கி சானை மனத்தில் கொண்டே எழுதத் தொடங்கப்பட்டது. பின்னரே பெண்ணுக்கு மாற்றப்பட்டது. பாத்திரத்திற்கு 'மிஷெல்' என்றே பெயரிட எண்ணியதை நடிகை மறுத்துவிட்டார். சரியான மறுப்பு. சலவைக்காரியின் களைப்பு நட்சத்திரத்தின் சுயசரிதையாகிவிடக் கூடாதல்லவா? பல உலகங்களில் ஒன்றில் எவலின் புகழ்பெற்ற சண்டைக் கலைஞி, இன்னொன்றில் பாடகி. இவற்றுள் எதுவும் சலவைக்கடை எவலினின் நடையை மிஞ்சவில்லை. அறுபதை எட்டும் நடிகை, கூனிய தோளோடு பற்றுச்சீட்டுகளைப் புரட்டும்போதுகூட, அவ்வுடல் எதையும் தாங்கும் என்பதை நாம் ஐயமின்றி நம்புகிறோம். முப்பத்தைந்தாண்டு வீழ்ச்சிகள் அந்த நம்பிக்கைக்குப் பின்னே நிற்கின்றன. 2023 மார்ச்சில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்.

படத்தில் குறையே இல்லையென்பதில்லை. பிற்பகுதியில் இயக்குநர் இருவரும் ஒரே சமாதானத்தைப் பலமுறை சொல்லிக் காட்டுகிறார்கள். ஒரு முறை போதியிருக்கும். மகளைத் தழுவிக்கொள்வதோடு எல்லாப் பூசலும் தீர்வது தமிழ்க் குடும்பப் படங்களில் நாம் பார்த்துச் சலித்ததே. ஆனால் தவணை மட்டும் இங்கே கேட்கப்படவில்லை. எவலின் வீடு திரும்புகிறாள். பெற்ற வலிமை எதுவும் மறையவில்லை, நாணி நிற்கவும் இல்லை. கடைசிக் காட்சியில் குடும்பத்தோடு மீண்டும் அதே வரி அலுவலகத்திற்கு வந்து அமர்கிறாள். அதிகாரி பேசிக்கொண்டிருக்கையில் அவள் கவனம் வேறெங்கோ சென்று, மெல்லத் திரும்பி வருகிறது. மேசைமேல் கணக்குத் தாள்கள் காத்திருக்கின்றன.