கைக்கெட்டும் லார்ச்

ஜப்பானிய லார்ச் என்னும் ஊசியிலை மரம் தன் சொந்த மண்ணான ஹொன்ஷு தீவின் நடு மலைகளில் 30 மீட்டர் உயரம்கூட வளரும். 1861இல் ஜான் கூல்ட் வீச் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தபோதும் அது அண்ணாந்து பார்க்கும் மரமாகத்தான் வந்தது. அந்த நெடுமரத்தின் நுண்ணழகையெல்லாம் நம் இடுப்பளவுக்கு இறக்கித் தந்திருக்கிறது ‘புளூ டுவார்ஃப்’ என்னும் குட்டை ரகம். ஏதேனும் ஓர் ஆங்கிலேயத் தோட்டத்தில் அதைக் கண்டால் கடந்துபோய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் அந்தச் சுள்ளி. இலையெல்லாம் உதிர்ந்த குளிர்காலத்திலும் செம்பழுப்பாய் மினுங்கும் அழகிய சுள்ளி. அதன் நெடுகக் குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் உண்மையில் ஒரு கிளைதான். ஆண்டுக்கு மயிரிழையளவே வளர்கிற, அவசரமே அறியாத கிளை. உற்றுப் பார்த்தால், பழைய மொட்டுச் செதில்கள் விட்டுச்சென்ற வளையங்கள் கடைசல் பிடித்த மரச்சொப்பின் வரிகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கும்.

இளவேனிலில் அந்தக் குமிழ் அவிழ்வதைக் காண்பது பெரும்பேறு. முதலில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பிறகு அந்த ஒரே புள்ளியிலிருந்து முப்பது, நாற்பது மெல்லூசிகள் வட்டமாய் விரியும். பைன் ஊசியைத் தொட்டுப் பழகிய விரல் இங்கே ஏமாந்து மகிழும், அவ்வளவு மென்மை! நிறமோ பச்சையின்மேல் சாம்பல் நீலம் படர்ந்த குளிர்ச்சி. ஓர் ஊசியை மெல்லத் திருப்பிப் பாருங்கள், அடிப்புறத்தில் இரண்டு வெளிர்கோடுகள் நேர்த்தியாய் ஓடும்.

நான் அதிகம் சொக்கிப்போவது இன்னொன்றில். பழைய கிளையில் கொத்துக் கொத்தாய் ஊசிகளை விரிக்கும் இதே செடி, அவ்வாண்டு நீளும் புதுக்கிளையில் மட்டும் அவற்றை ஒற்றை ஒற்றையாய், சுருள் வரிசையில் ஏற்றிவைக்கிறது. ஒரே கிளையில் இரண்டு தாளங்கள்! நெடுமரத்தில் இதைக் காண ஏணி வேண்டும்.

நேரான தண்டின் உச்சியில் ஒட்டுக் கட்டிய செடிகளும் உண்டு. அடித்தண்டு விறைப்பாய் நிற்க, மேலே அடர்ந்த நீலத் தலை கவிந்திருக்கும். வளர்ப்பதில் பெரிய பாடில்லை. நல்ல வெயில், காய்ந்துபோகாத, நீர் தேங்காத மண் இருந்தால் தழைக்கும்.

இலையுதிர்க்கும் ஊசியிலை மரங்கள் உலகில் ஐந்தே பேரினங்கள், லார்ச் அவற்றில் ஒன்று. அந்தச் சிறுகூட்டத்தின் செல்வமெல்லாம் இலையுதிர்காலத்தில் தெரியும். நீலம் வடிந்து மஞ்சளாகி, மஞ்சள் முதிர்ந்து பொன்னாகும். ஆகவே இதைத் தோட்டத்தின் கோடியில் ஒளித்துவைக்காதீர்கள். நடைபாதையின் மேற்கோரத்தில் நடுங்கள். சாய்வெயில் அந்தப் பொன்னூசிகளை ஊடுருவி நம் பக்கம் வரட்டும்.