புள்ளியும் நிறுத்தமும்

கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் வழியாகச் சென்றால் ஏலாக்குறிச்சியை அடையலாம். வீரமாமுனிவர் (1680–1747) தங்கித் தமிழ்ப்பணி ஆற்றிய ஊர் அது. அவரைப் போற்றும் மேடைகளில் எழுத்துச் சீர்திருத்தத்தையும் நிறுத்தக்குறிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இவை வெவ்வேறானவை; பிரித்து நோக்கினால்தான் முனிவரின் பணி விளங்கும்.

எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலை கிழியுமென்று அஞ்சி, எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர். ஆகவே நெருப்பைக் குறிக்கும் 'எரி'யா, நீர் நிறைந்த 'ஏரி'யா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருந்தது. முனிவர் குறிலை வாளா விட்டு, நெடிலுக்கு வேறுபாடு தந்தார்: ஏகாரத்திற்குக் கீழே ஓர் இழுப்பு, ஓகாரத்திற்கு ஒரு சுழி, கொம்பின்மேலும் ஒரு சுழி. ஒலிக்கு அவர் தந்த உருவம் இது.

காற்புள்ளியோ ஒலியன்று; மௌனத்தின் அடையாளம். அச்சுக்கலையோடு ஐரோப்பாவிலிருந்து வந்தது. வினாவை ஆகார ஓகாரங்களாலும், உறுதியை ஏகாரத்தாலும், பிறர் கூற்றை 'என்று' எனும் சொல்லாலும் செவிக்கே உணர்த்தும் தமிழுக்கு இக்குறிகள் துணை மட்டுமே. குறியின் பொருளும் மொழிதோறும் மாறும். நமக்கு அரைப்புள்ளியாகத் தோன்றுவது கிரேக்கருக்கு வினாக்குறி. ஆப்பிரிக்காவின் தென்பகுதி மொழிகள் சிலவற்றில் வியப்புக்குறி, நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒரு மெய்யொலி.

ஆயினும் நிறுத்தத்தை எளிதாக எண்ணலாகாது. ஓர் அடக்கச் சடங்கில், மனம்வருந்திய கள்வனுக்கு ஆண்டவர் அளித்த வாக்கை (லூக்கா 23:43) வாசித்தபோது, 'இன்று' என்ற சொல்லுக்குப் பின் தவறி நிறுத்திவிட்டேன். சடங்கு முடிந்ததும் இறந்தவரின் துணைவியார், "சாமி, இன்றைக்கு வாக்குத்தானே கொடுத்தார்? வீடு எப்போது?" என்று கேட்டார். மிகப் பழைய கிரேக்கப் படிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை, குறிகளும் அரியவை. நிறுத்துமிடத்தைப் பின்வந்தோரே பொருளுணர்ந்து அமைத்தனர். "இன்றே, அம்மா" என்றேன். ஓர் ஏகாரம் அவருடைய கலக்கத்தைத் தீர்த்தது.

எழுத்தின் மயக்கத்தை முனிவர் நீக்கினார். குரலின் மயக்கத்தை நீக்கும் கடமை, திருப்பலியில் வாசகம் வாசிக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. தாளிலுள்ள குறியை மட்டும் நம்பாமல், முந்தின நாளே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நம் நிறுத்தத்தில் ஒருவருடைய நம்பிக்கை தங்கியிருக்கக்கூடும்.