துணிவு யார் வீட்டுச் சொத்து?

போக்கர் கையேடுகளை ஆட்டம் கற்றுக்கொள்வதற்காக இல்லாமல், இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். அவற்றின் நாயகன் துணிவு. 1970களின் இறுதியில் டாயில் பிரன்சன் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' முதற்கொண்டு இந்தக் குரல் கேட்கிறது: காத்திருக்காதே, அடி, எதிராளியை யோசிக்க வை. இதைக் குணநலமாகச் சொல்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துணிந்தவன் வென்றான் என்றால், தோற்றவனுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்றாகிவிடுகிறது.

இந்தத் துணிவுக்கு ஒரு கணக்கு உண்டு. பந்தயத்தை உயர்த்துகிறவனுக்கு வெற்றிக்கு இரண்டு வழி: மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்க்கலாம், அல்லது கடைசியில் இவன் சீட்டே பெரியதாக இருக்கலாம். பின்னாலேயே போய்ப் பணம் கட்டுகிறவனுக்கு இரண்டாவது வழி மட்டும்தான். நம்ம ஊர் ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் 'ஸ்கூட்' போட்டு 20 புள்ளியோடு ஒதுங்கிக்கொள்ளலாம். போக்கர் போட்டியில் ஒதுங்கி உட்கார்ந்தாலும் கைக்காசு கரையும். 'பிளைண்ட்' என்ற கட்டாயப் பந்தயம் முறை வைத்துச் சுற்றிவரும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். கடன்காரன் வீட்டு வட்டி மாதிரி, நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது.

2004இலிருந்து தொகுதி தொகுதியாக வந்த டான் ஹாரிங்டனின் நூல்கள் இதை ஒரே எண்ணில் சொல்லிவிடுகின்றன. கையிலிருக்கும் சில்லுகளை ஒரு சுற்றுக்கான கட்டாயச் செலவால் வகுத்தால் வருவது 'எம்'. ஒரு சுற்றுக்கு 2,500 போகிறது, கையில் 50,000 இருக்கிறது என்றால் எம் 20, நினைத்தபடி ஆடலாம். கையில் 10,000தான் என்றால் எம் 4. கிடைத்த சீட்டை நம்பி மொத்தத்தையும் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இருவரும் துணிந்து அடிப்பதாகத்தான் தெரியும். ஒருவன் அடிப்பது வசதியால், இன்னொருவன் அடிப்பது வழியின்மையால். இரண்டுக்கும் கையேடு வைத்திருக்கும் பெயர் ஒன்றே.

இன்னும் ஒரு நுட்பம். முதல் பரிசு தொகையில் பாதி என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சில்லுகளையும் வாரிக்கொண்டவனுக்கும் பாதிப் பணம்தான். ஆகவே புதிதாக ஜெயிக்கும் சில்லைவிட இழக்கும் சில்லுக்கு மதிப்பு அதிகம். பரிசு வரிசையை நெருங்கும்போது நடுத்தர இருப்புக்காரன் எதிலும் கைவைக்க அஞ்சுவான். அந்த அச்சத்தைப் பெரிய இருப்புக்காரன் அறுவடை செய்வான். துணிவின் விலையை அடுத்தவன் பயம்தான் கட்டுகிறது.

இதற்கு எங்கள் வந்தவாசியே சாட்சி. 1760 ஜனவரி 22 அன்று இங்கே ஐர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். பள்ளிப் புத்தகம் அவருடைய முன்கோபத்தைக் காரணம் சொல்லும். அவருடைய எம் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். 1759 பிப்ரவரியில் சென்னை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியாயிற்று. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை இந்தக் கரையை விட்டே போய்விட்டது. அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காகச் சொந்தப் படையே கலகம் செய்தது. எதிர்ப்பக்கத்துக்கு 1757க்குப் பின் வங்காளத்தின் பணம் இருந்தது. நாள் போகப்போகக் கரைந்துகொண்டிருந்தவர், கோட்டையையும் முற்றுகையிட்டு, வந்த படையோடும் மோதினார். ஓராண்டுக்குள் புதுச்சேரி விழுந்தது. 1766இல் பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள். குறைந்த இருப்பில் எடுத்த முடிவுக்குக் குணக்கேடு என்று பெயர் வைப்பது சீட்டாட்டத்தில் தொடங்கிய பழக்கமில்லை என்று தெரிகிறது.

தமிழ் படித்தவர்களுக்குக் குறளில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48 முதல் 50 வரை மூன்று அதிகாரங்கள். கையிருப்பு, ஏறும் பிளைண்ட், மேசையில் உட்காரும் இடம் என்று ஹாரிங்டன் கற்பிப்பதும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான். சூதோ 94ஆவது அதிகாரம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில். எல்லாம் பொருட்பால்தான். ஆனால் அரசன் செய்தால் அது வினைத்திட்பம், சாமானியன் செய்தால் வியாதி. ஒரே கணக்கு, ஆளைப் பார்த்து அரசியலாகவும் நோயாகவும் பிரிகிறது.

நீதிமன்றம் பிரித்தது வேறு கோட்டில். ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில், விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் எதை வைத்து எதை எறிவது என்று தீர்மானிப்பதும் திறமை என்று சொல்லி, 1960களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் ரம்மியைச் சூதிலிருந்து விலக்கியது. அதிலிருந்து எல்லா வழக்கும் இந்தத் திறமை, அதிர்ஷ்டம் என்ற எதிர்வுக்குள்தான் சுழன்றது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய சட்டம் வந்தபின், 2023 நவம்பரில் அதை ஏற்றுக்கொண்டாலும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த எதிர்வையே ஓரங்கட்டி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்தது. கடன்பட்டுச் செத்தவர்களின் வீடுகளை நினைத்தால் தடையை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் தடை வந்தாலும் கேள்வி மாறவில்லை. தோற்றவனுக்குத் திறமையில்லை என்றோ புத்தியில்லை என்றோதான் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம், நம் மேடைகள் உட்பட.

திறமை என்ற இந்த வாதம் யாருடையது? வியாச பாரதத்தில் சகுனியுடையது. சூதில் வஞ்சனை உண்டே என்று தருமன் தயங்கும்போது, கற்றவன் கல்லாதவனை வெல்வதை யாரும் வஞ்சனை என்பதில்லை என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். அதோடு, பகடை சகுனியுடையது, பணயம் துரியோதனனுடையது. தோற்றால் சகுனிக்கு நட்டமில்லை. இன்றைய தொழில்முறைப் போக்கரிலும் முதலீட்டாளர் நுழைவுக் கட்டணம் கட்ட, ஆட்டக்காரர் ஆடி, பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு சகஜம். அந்தத் துணிவுக்குப் பின்னால் ஒரு துரியோதனன் கஜானா இருக்கிறது. தருமனுக்குப் பின்னால் தம்பிகளும் பெண்டாட்டியும்தான்.

எங்கள் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் 'சூது துகில்' கூத்து விடியவிடிய நடக்கும். உருளும் பகடையைவிடக் கூத்தின் உயிர் திரௌபதி கேட்கும் கேள்வியில் இருக்கிறது: என்னை வைத்தபோது அவர் தன்னை ஏற்கெனவே தோற்றிருந்தாரா? அதாவது, பணயம் யாருடையது? அடகுக் கடைக்குப் போன தாலிச் சரடும், மகளிர் குழுவில் மனைவி பெயரில் வாங்கிய கடனும் செல்போன் மேசையில் வைக்கப்பட்டபோது இந்தக் கேள்வியை எந்தக் கையேடும் கேட்கவில்லை. திறமையா அதிர்ஷ்டமா என்று அளந்த தீர்ப்புகளிலும் அதற்கு இடமில்லை. சபையில் பீஷ்மர், தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். சகுனியின் திறமையைப் பற்றிப் பேச அங்கே ஆள் இருந்தது. பணயம் யாருடையது என்று முதலில் கேட்டவள், பணயமாக வைக்கப்பட்டவள்.