சிறைப்புறத்தில் நிற்கும் செவி: ‘தி எக்ஸ்எக்ஸ்’ குழுவின் முதல் இசைத்தொகுப்பில் அந்தரங்கத்தின் ஆக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கனவுத்தன்மை கொண்ட மின்னணுப் பாப் இசை அந்தரங்கமான மனநிலையை உண்டாக்குகிறது என்பது பரவலான கூற்று. இலண்டனைச் சேர்ந்த ‘தி எக்ஸ்எக்ஸ்’ குழுவினர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பை முன்வைத்து, அந்த அந்தரங்கம் கேட்போரை எவ்விடத்தில் நிறுத்துவதால் உண்டாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அக மரபின் சிறைப்புறம் என்னும் கருத்து இதற்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ட்ரீம் பாப், ஒலிவாங்கி, எதிர்முழக்கம், அகக்கூற்று, சிறைப்புறம்

முன்னுரை

மேற்கத்திய வெகுமக்கள் இசையில் ‘ட்ரீம் பாப்’ எனச் சுட்டப்படும் வகையைப் பற்றி எழுதுவோர் பெரிதும் பெயரடைகளையே நம்புகின்றனர். பனிமூட்டம் போன்றது, மிதப்பது, மயக்குவது, நெருக்கமானது என்னும் சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை கேட்டவர் உற்றதைத் தெரிவிக்கின்றனவேயன்றி, அது எதனால் உறப்பட்டது என்பதைத் தெரிவிப்பதில்லை. தமிழில் இவ்விசை குறித்து எழுத முற்படும்போது வேறொரு இடரும் சேர்ந்துகொள்கிறது. காதலும் தனிமையும் பேசப்படும் எதனையும் ‘அகம்’ என்று பெயரிட்டு, அதற்கொரு திணையையும் வகுத்துவிடும் பழக்கம் நம் ஒப்பியல் கட்டுரைகளில் வேரூன்றிவிட்டது. பெயரடையும் திணைப்பெயரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இரண்டுமே பனுவலின் உள்ளே செல்லாமல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன.

மூட்டமும் குரலும்

இவ்வகை இசையின் முன்னோடிகளாகக் கொள்ளப்படுவோர் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரில் தோன்றிய ‘காக்டோ ட்வின்ஸ்’ குழுவினர். 1984இல் வந்த ‘ட்ரெஷர்’, 1990இல் வந்த ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ ஆகிய தொகுப்புகளில் ராபின் கத்ரியின் கிடார் ஒலி, எதிர்முழக்கமும் பிற ஒலிவிளைவுகளும் ஏற்றப்பட்டு, எந்த நரம்பு எப்போது மீட்டப்பட்டது என்று பிரித்தறிய இயலாதபடி பரவி நிற்கிறது. எலிசபெத் ஃபிரேசரின் குரலும் அப்பரப்பினுள் ஓர் அடுக்காகவே அமைகிறது. அவர் பாடும் சொற்களைப் பல இடங்களில் ஆங்கிலம் அறிந்தோரும் பற்றிக்கொள்ள முடிவதில்லை. அங்கே கனவு என்பது பொருள் கரைந்துபோவதால் உண்டாவது. கேட்பவர் இருவர் பேசுவதைக் கேட்கவில்லை, ஒலியினுள் மூழ்குகிறார்.

‘தி எக்ஸ்எக்ஸ்’ குழுவினர் இம்மரபின் ஒலியை எடுத்துக்கொண்டு அதன் நோக்கத்தைக் கைவிட்டனர். ரோமி மேட்லி கிராஃப்ட் கிடாரும் குரலும், ஆலிவர் சிம் பேஸ் கிடாரும் குரலும், பாரியா குரேஷி கிடாரும் கீபோர்டும், ஜேமி ஸ்மித் மின்னணுத் தாளமும் எனப் பங்கு கொண்ட இக்குழு, தென்மேற்கு இலண்டனின் எலியட் பள்ளியில் உடன் பயின்றோரால் உருவானது. 2009 ஆகஸ்டில் வெளிவந்த முதல் தொகுப்பில் பதினொரு பாடல்கள் உள்ளன. அதற்கு அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசு கிடைத்தது. எக்ஸ்எல் நிறுவனத்தைச் சார்ந்த சிறியதொரு கூடத்தில், பெரும்பாலும் இரவு வேளைகளில், ஒலிப்பதிவு நடைபெற்றது. தயாரிப்பாளராகப் பெயர் இடப்பெற்றவர் ஸ்மித்தே. ஒலிப்பதிவில் ராடி மெக்டொனால்டின் பங்கு பெரிது.

இத்தொகுப்பில் மூட்டம் முழுவதும் கிடாருக்கு உரியது. மீட்டப்படும் சுரங்கள் மிகச் சில. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு பெருங்கூடம் இருப்பதுபோல் ஒலித்து அடங்குகிறது. குரலோ பெரும்பாலான பாடல்களில் அக்கூடத்தில் இல்லை. ஒலிவாங்கிக்கு மிக அருகில், எதிர்முழக்கம் குறைவாக, மூச்சு வாங்குவதும் உதடு பிரிவதும் கேட்குமாறு பதிவாகியுள்ளது. தொலைவில் பரந்த வெளி, செவியருகே தாழ்ந்த குரல். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரு தொலைவுகளும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. பெரியதொரு வெற்றுக் கூடத்தில் ஒருவர் நம்மை ஒட்டி அமர்ந்து மெல்லப் பேசுவதை ஒத்த உணர்வு இதனாலேயே பிறக்கிறது. சிம் தனித்துப் பாடும் ‘ஃபேன்டசி’ இதற்கு விலக்கு. அதில் குரலும் மூட்டத்தினுள் ஆழ்ந்துவிடுகிறது, அடியில் கனத்த பேஸ் ஒலி எழுகிறது. தொகுப்பிலேயே மிகவும் கனவுத்தன்மை உடையது இப்பாடல்தான். மிகக் குறைந்த நெருக்கம் உடையதும் இதுவேயாம் என்பது என் மதிப்பீடு. கனவுத்தன்மையும் அந்தரங்கமும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒலிவாங்கியால் நெருக்கம் உண்டாக்குதல் புதிதன்று. 1920களின் நடுவில் மின்வழி ஒலிப்பதிவு பரவியபின், அரங்கின் கடைசி வரிசையை எட்டும் குரல் பாடகருக்குத் தேவையற்றதாயிற்று. பிங் கிராஸ்பி போன்றோர் தாழ்ந்த குரலில், ஒருவருக்கே பாடுவதுபோல் பாடினர். அது ஒழுக்கக்கேடாகவும் சிலருக்குப் பட்டது. 1932இல் பாஸ்டன் நகரக் கர்தினால் ஓ’கானல் இப்பாடுமுறையைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழ்த் திரையிசையை அறிந்தவர்க்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். நாடக மேடையில் பழகிய கே. பி. சுந்தராம்பாளின் குரலுக்கும், ஒலிவாங்கியை நம்பிப் பாடிய ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் குரலுக்கும் இடையே உள்ள வேறுபாடு பாடுவோரின் இயல்பால் மட்டும் வந்ததன்று. ஆயினும் அவ்வகைப் பாடல்களில் ஒலிவாங்கி கேட்பவரின் இடத்தில் நிற்கிறது. பாடகர் நம்மை நோக்கிப் பாடுகிறார். ‘தி எக்ஸ்எக்ஸ்’ குழுவின் பாடல்களில் அத்தகைய விளிப்பு இல்லை.

இருவர் கூற்று

தொகுப்பின் பெரும்பாலான பாடல்கள் இருவர் கூற்றாக அமைந்தவை. ‘விசிஆர்’ பாடலில் பழைய வீடியோ கருவியில் படம் பார்த்தலாகிய எளிய செயலைச் சுற்றி இரு குரல்களும் மாறிமாறி வருகின்றன. ‘கிரிஸ்டலைஸ்டு’ பாடலில் முதலில் ஒருவரும் பின்னர் மற்றவரும் தத்தம் பகுதியைப் பாடுகின்றனர். இறுதியில் இருவரும் தமக்குரிய வெவ்வேறு வரிகளை ஒரே வேளையில் பாடுகின்றனர். அவ்விடத்தில் இரு கூற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவே தவிர உரையாடலாகச் சேர்வதில்லை. ‘இன்ஃபினிட்டி’ பாடலின் முடிவில் ஒரு குரல் விட்டுவிடுமாறு கூற, மற்றது விட இயலாது என்கிறது. அவ்விரு குரல்களுக்கும் இடையே சாட்டையடி போன்ற தாள ஒலி விழுகிறது.

இப்பாடல்கள் உருவான முறை இங்குக் கருதத்தக்கது. மேட்லி கிராஃப்ட்டும் சிம்மும் மழலைப் பருவம் முதல் நண்பர்கள். வரிகளைத் தனித்தனியே எழுதி, இணையவழி ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேர்த்தனர். இருவரும் தற்பாலீர்ப்பினர் என்பது அவர்களே பொதுவில் கூறிய செய்தி. ஆகவே இக்காதற் பாடல்களில் ஒருவர் மற்றவரை விளிக்கவில்லை. ஒவ்வொருவரின் ‘நீ’யும் பாடலுக்கு வெளியே உள்ள வேறொருவர். அருகருகே வைக்கப்பட்ட இரு தனிமொழிகளைத்தான் நாம் உரையாடலாகக் கேட்கிறோம். அவர்கள் உரையாடுகின்றனர் என்று முடிவு செய்வது நம் செவியே. தொகுப்பின் சிறப்பு முழுவதும் இதில்தான் தங்கியுள்ளது என்று கூறத் துணிவேன். மேட்லி கிராஃப்ட் தனித்துப் பாடும் ‘ஷெல்ட்டர்’ எத்துணை அழகுடையதாயினும், அதில் இவ்விளைவு நேர்வதில்லை. அங்கே நாம் ஒருவரின் வருத்தத்தைக் கேட்கிறோம், அவ்வளவே.

சிறைப்புறம்

அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளில் ‘சிறைப்புறம்’ என்பது அடிக்கடி வரும் சூழல். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தலைவியும் தோழியும் அவனை அறியாதார் போலத் தம்முள் பேசுகின்றனர். பேச்சு ஒருவரை நோக்கியது, கருத்து மற்றொருவரை எட்டுவது. குறுந்தொகை, நற்றிணை முதலியவற்றை வாசிக்கும் நாமும் ஏறத்தாழ அவ்வேலிப் புறத்திலேயே நிற்கிறோம். பாடல் நம்மை விளிப்பதில்லை. நாம் ஒற்றுக்கேட்பவர்கள்.

‘தி எக்ஸ்எக்ஸ்’ தொகுப்பில் கேட்பவருக்கு வாய்க்கும் இடத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் எனக்குக் கிட்டவில்லை. ஒப்புமை உணர்ச்சியில் இல்லை, கேட்கும் இடத்தில் உள்ளது. இதனைக் கடந்து ஒப்பிட முற்படின் தவறு நேரும். தொகுப்பில் இரவு மிகுதியாக வருகிறது என்பதனால் யாமத்தைச் சிறுபொழுதாகக் கொண்டு இதனைக் குறிஞ்சி எனல் ஆகாது. குறிஞ்சிக்கு மலை வேண்டும், தினைப்புனம் வேண்டும், கிளி வேண்டும். இப்பாடல்களில் நிலமே இல்லை. நிலத்தின் இடத்தில் இருப்பது கிடாரின் எதிர்முழக்கம். அது ஓர் இடத்தின் அளவைத் தருகிறது, அவ்விடம் எதுவென்று சொல்வதில்லை. கருப்பொருள் என்று சுட்டுவதாயின் அந்த வீடியோ கருவி ஒன்றைத்தான் சுட்டலாம்.

பெயர் சுட்டாமையிலும் இவ்வாறே நுண்ணிய வேறுபாடு உண்டு. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டி உரைத்தல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுக்கும் விதி. அங்குப் பெயர் மறைகிறது, பால் மறைவதில்லை. தலைவன் தலைவனே, தலைவி தலைவியே. ‘தி எக்ஸ்எக்ஸ்’ பாடல்களில் பாலும் மறைகிறது. தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை, படர்க்கையே காட்டும் என்பது நம் இலக்கணம் நன்கறிந்தது, ஆங்கிலத்திலும் அவ்வாறே. இப்பாடல்கள் ‘நான்’, ‘நீ’ என்னும் இரண்டினுள் தங்கி, படர்க்கையைத் தவிர்த்துச் செல்கின்றன. இருபது வயதை ஒட்டிய இருவர், தம் காதல் யாரை நோக்கியது என்று உலகுக்கு அறிவிக்க விரும்பாத நிலையில், இலக்கணமே அவர்களுக்குத் திரையாயிற்று. இப்பெயரின்மையை அகத்தின் பெயரின்மையோடு ஒன்றெனக் கொண்டால், ஒருபுறம் கவிதை மரபாக இருப்பது மறுபுறம் தற்காப்பாக இருப்பதைக் காணாமல் விட்டுவிடுவோம்.

கேட்டவர் கடன்

சிறைப்புறத்தில் நிற்கும் தலைவன் சும்மா கேட்டுச் செல்பவன் அல்லன். களவு நீள்வதால் தலைவிக்கு நேரும் துயரை அவன் கேட்க வேண்டும், கேட்டபின் வரைந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பேச்சு எழுகிறது. இலக்கணிகள் இதனை வரைவு கடாதல் என்றனர். வேலிக்கு அப்பால் நிற்பவனைக் கடன் ஒன்று பற்றுகிறது. இவ்விசையைக் கேட்பவருக்கோ அப்படிப்பட்ட கடன் எதுவும் இல்லை. பிறர் அந்தரங்கத்தின் முழு வெப்பமும் கிடைக்கிறது. அதற்கு மறுமொழி தர வேண்டுவதில்லை. இத்தகைய இசைக்கு உள்ள ஈர்ப்பிலும் ஐயத்திலும் இதற்குப் பங்கு உண்டென எண்ணுகிறேன்.

கடனின்மை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ‘இன்ட்ரோ’ என்னும் முதற்பாடலின் வரலாறு தக்க சான்று. ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் நீளும் இதில் சொற்கள் இல்லை; கிடார், தாளம், சொல்லற்ற குரல்கள் மட்டுமே. 2010ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பொதுத்தேர்தல் ஒளிபரப்பில் பிபிசி இதனைப் பயன்படுத்தியது. 2011இல் ரிஹானா தம் ‘ட்ரங்க் ஆன் லவ்’ பாடலை இதன்மேல் அமைத்தார். கூற்று நீங்கிய ஒலி எச்சூழலுக்கும் உரிய மனநிலையாக மாறிவிடுகிறது; வாக்கு எண்ணிக்கைக்கும் அது பொருந்திற்று. இன்றைய இசைச் செயலிகள் ‘பின்னிரவு’, ‘நெருக்கம்’, ‘அமைதி’ என்னும் தலைப்புகளில் பாடல்களைத் தொகுத்து அளிப்பதும் இதன் தொடர்ச்சியே. அத்தொகுப்பில் ஒரு பாடல் மற்றொன்றுக்கு மாற்றாக நிற்க முடியும். ‘கிரிஸ்டலைஸ்டு’ பாடலின் இறுதியில் இரு கூற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது அப்போது வெறும் இழைநயமாகக் கடந்துபோகிறது. பெயரடைகளால் எழுதும் திறனாய்வும் இதே வேலையைச் செய்கிறது என்பதனாலேயே இக்கட்டுரை தொடக்கத்தில் அதனை மறுத்தது.

மேட்லி கிராஃப்ட், ரோமி என்னும் பெயரில் 2023இல் ‘மிட் ஏர்’ என்னும் தனித்தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரு பாடலின் தலைப்பு ‘லவ்ஹர்’. பெண்பாற் படர்க்கைச் சொல் தலைப்பிலேயே நிற்கிறது. அத்தொகுப்பின் இசை நடன அரங்கிற்கு உரியது: தாளம் தொடர்ச்சியானது, ஒலி உரத்தது, குரலுக்கும் கருவிகளுக்கும் இடையே முன்னிருந்த தொலைவு இல்லை. படர்க்கை வந்ததும் வேலி அகன்றுவிட்டது. கேட்பவர் இப்போது பலரோடு சேர்ந்து ஆடும் ஒருவர்.